பங்கில் பெண்கள் நடத்தும் அன்புப் பணி: தொடங்குவது முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை

1617 ஆகஸ்டில் பிரான்சு நாட்டின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் பங்குத்தந்தையாக, அதாவது ஒரு கோவிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் (பங்கை) கவனிக்கும் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு ஆயத்தமாகும் நேரத்தில் ஒரு சேதி வந்தது. ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் எல்லாருமே நோயில் விழுந்து, ஒருவருக்கொருவர் உதவக்கூட முடியாமல் கிடக்கிறார்கள். மறையுரையில் அதைச் சொன்னார். அன்று பிற்பகல் அவர் அந்த வீட்டுக்குப் புறப்பட்டபோது வழியெல்லாம் பெண்கள்: சாப்பாடு கொண்டு போகிறவர்கள், கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர் மனம் நெகிழ்ந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. இன்றைக்குக் குவிந்த உணவில் பெரும்பகுதி கெட்டுப்போகும், சில நாளில் அந்த வீடு பழையபடி பட்டினி கிடக்கும். சில நாட்களுக்குள் அந்தப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்தார். ஆண்டு முடிவதற்குள் எழுதிய விதிமுறையோடு ஓர் அன்புச் சங்கம் உருவாகிவிட்டது.

நானூறு ஆண்டுக்குப் பிறகும் பங்குகளில் நடப்பது பெரும்பாலும் அதேதான். கிறிஸ்து பிறப்புக்கு ஒரே வீட்டுக்கு நான்கு உணவுப் பொதி போகும். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முடிந்த மறுவாரம் அலமாரி காலி. நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு உதவி கிடைக்கும். வாய் திறவாத கிழவிக்கு ஒன்றும் போய்ச் சேராது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, முறைதான் இல்லை. கீழே வருவது அந்த முறையைப் பற்றியது: புதிதாகத் தொடங்கும் குழுவுக்கும், பல ஆண்டாக நடந்தும் தட்டுத் தடுமாறும் மாதர் சங்கத்துக்கும்.

முதலில், பங்கில் ஏற்கெனவே யார் என்ன செய்கிறார்கள்?

புதுக் குழு தொடங்கும் ஆசையில் பலரும் தாண்டிப் போகும் படி இது. மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, மாதர் சங்கம், பீடத்தைப் பராமரிக்கும் குழு, நோயாளருக்கு நற்கருணை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பம்) கொண்டு போகிறவர்கள் என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். இவற்றின் இயல்பு வேறு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் மனத்தாங்கல் வராது. 1921-இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையின் பணி ஆன்மிகச் சந்திப்பு. பணமோ பொருளோ உதவியாகக் கொடுப்பதை அதன் விதியே தடுக்கிறது. ஆகவே "சேனைக்காரர்கள் வீடு வீடாகப் போகிறார்களே, பொதியையும் அவர்களே கொடுத்துவிடட்டும்" என்று கேட்பது தவறு. ஆனால் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சேதி சொல்வது அவர்கள் வேலை, பொருளோடு போவது உங்கள் வேலை என்று பேசி வைத்துக்கொள்ளலாம். 1833-இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை பொருளுதவியும் வீட்டுச் சந்திப்பும் செய்கிறது. அது உங்கள் பங்கில் நன்றாக நடக்கிறதென்றால் போட்டிக்கு இன்னொரு குழு வேண்டாம், அதிலேயே சேருங்கள்.

பிறகு பங்குத்தந்தையைப் பாருங்கள். "ஃபாதர், ஏதாவது நல்லது செய்யலாம்னு இருக்கோம்" என்று வெறுங்கையோடு போனால் ஆசீர்வாதம் கிடைக்கும், முடிவு கிடைக்காது. மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். பங்கு எல்லைக்குள் வாழும் எல்லாருக்கும் உதவலாமா, எந்த மதத்தவராக இருந்தாலும்? பணம் எந்தக் கணக்கில் இருக்கும்? எவ்வளவு தொகை வரை குழுவே முடிவெடுக்கலாம், எதற்கு மேல் அவரிடம் கேட்க வேண்டும்? பதில்களை அன்றே தேதியோடு எழுதி அவர் கையொப்பம் வாங்குங்கள். பங்குத்தந்தை மாறும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

குழுவுக்கு விதிமுறையும் வேண்டும். விசுவாசிகளின் சங்கம் ஒவ்வொன்றுக்கும் அதன் நோக்கம், நிர்வாகம், உறுப்பினராகும் தகுதி ஆகியவற்றைச் சொல்லும் விதிமுறை வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 304. "கத்தோலிக்க" என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ள உரிய திருச்சபை அதிகாரியின் இசைவு வேண்டும் (சட்டம் 300). இரண்டு பக்கம் போதும். பெயர் வைப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தேவையைக் கண்டறிய மூன்று வாரம்

பொருள் சேர்ப்பதற்கு முன் ஆட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். தலைகீழாகச் செய்தால், கையில் இருக்கும் பொருளுக்கு ஏற்ற ஏழையைத் தேடுகிற நிலை வரும். இருபது போர்வை வந்துவிட்டது என்பதற்காக இருபது வீட்டுக்குப் போர்வை போகும். அதில் பத்து வீட்டுக்குத் தேவைப்பட்டது மருந்தாக இருக்கும்.

முதல் வாரம் தகவல் உள்ளவர்களிடம் பேசுங்கள்: நற்கருணை கொண்டு போகிறவர், பள்ளி ஆசிரியர், அடக்கச் சடங்குகளுக்கு உதவுகிறவர், பகுதிவாரி செபக்குழுக்களை நடத்துகிறவர், மருந்துக் கடைக்காரர். இரண்டாம் வாரம் அவர்கள் சொன்ன வீடுகளுக்கு ஒரு முறை போய் வாருங்கள். கையில் பொருள் வேண்டாம். மூன்றாம் வாரம் பட்டியலைப் போடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: எண், வீட்டில் எத்தனை பேர், வயது, நோய், யார் சம்பாதிக்கிறார், வேறு எங்கிருந்தாவது உதவி வருகிறதா, முக்கியத் தேவை ஒன்று, அடுத்து யார் எப்போது போவது. பெயரும் முகவரியும் தனி ஏட்டில் இருக்கட்டும். அந்த ஏடு தலைவியிடமும் செயலரிடமும் மட்டும். கூட்டத்தில் "14-ஆம் எண் வீடு" என்றுதான் பேச்சு நடக்க வேண்டும்.

பட்டியல் போட்டதும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் யார் இல்லை? விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுகிறது. பரிமாறியவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்கள் மொழி பேசுகிறவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும், அவ்வளவே. திருத்தூதர்கள் எழுவரை நியமித்துச் சரிசெய்தார்கள். உங்கள் பட்டியலையும் அப்படிப் பாருங்கள். புதிதாகக் குடிவந்தவர்கள், வேறு மொழிக்காரர்கள், கணவனைப் பிரிந்த பெண்கள், கோவிலுக்கு வருவதை நிறுத்தியவர்கள், மாடி ஏறி இறங்க முடியாமல் அறைக்குள் முடங்கியவர்கள். ஒருவர்கூட இல்லையென்றால் நீங்கள் எடுத்திருப்பது உங்களுக்குத் தெரிந்தவர்களின் பட்டியல்.

முதல் ஆண்டு 10 முதல் 15 வீடுகளுக்கு மேல் ஏற்காதீர்கள். 40 வீட்டுக்கு மாதம் ஒரு பொதி கொடுப்பதைவிட 12 வீட்டை உண்மையாக அறிந்திருப்பது பயனுள்ளது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. ஆனால் நாற்பதில் தொடங்கிய குழுக்கள் விரைவில் பொருள் வழங்கும் வரிசையாக மாறிவிடுகின்றன.

ஆள் சேர்ப்பதும் பொறுப்புப் பிரிப்பதும்

"சங்கத்தில் சேர வாருங்கள்" என்று அறிவிப்பில் சொன்னால் எப்போதும் வருகிற அதே ஐந்து பேர் வருவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் "சேருவது" என்ற சொல்லே பயம். வேலையை வெட்டிச் சின்னதாக்கிக் கேளுங்கள். "மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பொதி கட்ட முடியுமா?" "வாரம் ஒரு தடவை இந்தப் பாட்டிக்குப் போன் பண்ணி விசாரிக்க முடியுமா, பத்து நிமிஷம்?" நேரில், பெயர் சொல்லி, ஒரு குறிப்பிட்ட வேலைக்குக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

உள்வட்டத்துக்கு 8 முதல் 12 பேர் போதும். தலைவி, செயலர், பொருளாளர், பொருள் காப்பாளர், சந்திப்புகளை ஒழுங்குபடுத்துபவர் என்று ஐந்து பொறுப்புகள். இரண்டு பொறுப்பு ஒருவரிடம் சேரக் கூடாது. முக்கியமாக, பொருளாளரும் பொருள் காப்பாளரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. பதவிக்காலம் இரண்டு ஆண்டு, மேலும் ஒரு முறை நீட்டிக்கலாம், அதோடு சரி. நல்ல தலைவியை ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். பத்து ஆண்டாக ஒருவரே தலைவியாக இருந்தால் அவர் படுத்ததும் சங்கமும் படுத்துவிடும்.

மாதக் கூட்டம் 60 நிமிடம். செபமும் நற்செய்தி வாசகமும் 5, கணக்கு 10, வீடுகளைப் பற்றிப் பேச்சு 30, அடுத்த மாத முறைப்பட்டியல் 10, முடிவு செபம் 5. வீடுகளுக்கு ஒதுக்கிய அரை மணியைத் திருவிழா ஏற்பாடு விழுங்கிவிடுவதுதான் வழக்கம். விழாவுக்குத் தனிக் கூட்டம் போடுங்கள். வீடுகளைப் பற்றி ஒரு மாதம் பேசாமல் விட்டால் அடுத்த மாதம் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பணம்

ஷாத்தியோன் பெண்களின் விதிமுறையிலேயே ஒரு பணப்பெட்டி வருகிறது. இரண்டு வேறு பூட்டு, ஒரு சாவி தலைவியிடம், மற்றது பொருளாளரிடம். அவசரத்துக்கென்று ஒரு சிறு தொகையை மட்டும் பொருளாளர் தன் கையில் வைத்துக்கொள்ளலாம். கணக்கை ஆண்டுதோறும் பங்குத்தந்தை முன்னிலையில் ஒப்புவிக்க வேண்டும். இன்றைக்கும் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம், அவசரச் செலவுக்கு உச்சவரம்பு, ஆண்டுத் தணிக்கை.

உண்டியலை எண்ணுவது திருப்பலி முடிந்த உடனே, கோவில் வளாகத்திலேயே. உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியதை மற்றவர் திரும்ப எண்ணித் தொகையைச் சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் அப்படியே வங்கியில் கட்டுங்கள். உண்டியல் பணத்திலிருந்தே நேராகச் செலவு செய்து மீதியைக் கட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வரவு தனி, செலவு தனி. பணம் யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. போன் வழியாக அனுப்புகிற நன்கொடைகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. பொருளாளரின் சொந்த எண்ணுக்கு வந்த பணம் அவர் வீட்டுச் செலவோடு கலந்து, கடைசியில் நேர்மையான ஒரு பெண்ணின் பெயர் கெடுகிறது.

குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்பது திருச்சபைச் சட்டம் 1267, பிரிவு 3. "மருந்துக்கு" என்று ஒருவர் கொடுத்ததில் பொதி வாங்கக் கூடாது, பொதி எவ்வளவு அவசரமானாலும் சரி. ஆகவே ரசீதில் "நோக்கம்" என்று ஒரு கட்டம் வையுங்கள். நன்கொடையாளர் எதுவும் சொல்லவில்லை என்றால் "பொதுத் தேவை" என்று அவர் முன்னாலேயே எழுதிவிடுங்கள். மாதந்தோறும் ஒரு பக்கக் கணக்கைப் பங்கின் நிதிக்குழுவுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் அந்தக் குழு இருந்தாக வேண்டும் (சட்டம் 537).

கடன் கொடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாதவர் உங்களைப் பார்த்ததும் வேறு தெருவில் திரும்புவார், பிறகு கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிடுவார். முடிந்ததை உதவியாகக் கொடுங்கள், முடியாததை முடியாது என்று சொல்லுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து போன்றவற்றை உரியவரிடம் நேராகக் கட்டி ரசீது வாங்குவது நல்லது. அதே நேரம், ஒரு சிறு தொகையாவது அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுத்து, அவர் விருப்பப்படி செலவழிக்க விடுங்கள். எதற்குச் செலவு செய்தார் என்று கேட்க வேண்டாம்.

வீட்டுச் சந்திப்பு

பணியின் மையம் இதுதான். பொதி கட்டுவதும் கணக்கு எழுதுவதும் இதற்காகவே.

எப்போதும் இருவராகப் போங்கள். இயேசு சீடர்களை அனுப்பியதும் இருவர் இருவராகத்தான். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம், பிறகு ஒருவர் மிகைப்படுத்தியதை மற்றவர் திருத்தலாம். பாதுகாப்பும் உண்டு, வீண்பேச்சுக்கு இடமும் இல்லை. மூன்று பேராகப் போகாதீர்கள். சின்ன வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அது விசாரணை போல ஆகிவிடும். சாப்பாட்டு வேளையைத் தவிருங்கள். உங்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லையே என்று அந்த வீட்டுக்காரர் கூசுவார். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முதல் சந்திப்பு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வாசலில் பெயரைச் சொல்லி, "பங்கிலிருந்து உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம், இப்போ வரலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு திரும்புங்கள். அடுத்த மாதம் மறுபடி கேளுங்கள். உள்ளே அவர்கள் காட்டிய இடத்தில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பெறுகிறவர் கொடுக்கவும் ஒரு வாய்ப்பு வேண்டும். அலமாரியைத் திறந்து பார்ப்பது, டிவி புதிதா என்று நோட்டமிடுவது, பிள்ளைகளிடம் "காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்று துருவுவது, எதுவும் கூடாது. "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று தொடங்கினால் அவர்கள் சொல்லிப் பழகிய கதை வரும். "போன வாரம் எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தால் உண்மை வரும். வாக்குறுதி மட்டும் கொடுக்காதீர்கள். "கூட்டத்தில் சொல்கிறோம், இந்த வெள்ளிக்குள் பதில் சொல்கிறோம்" என்பது போதும். சொன்ன வெள்ளிக்குள் பதில் போக வேண்டும், இல்லை என்ற பதிலானாலும்.

வெளியே வந்ததும் குறிப்பு எழுதுங்கள். வீட்டுக்குள் நோட்டை எடுக்காதீர்கள். "பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதினால் பயன் உண்டு:

"எண் 14. மாலை 4 மணி, இருவர் சென்றோம். அம்மா படுக்கையில். மகள் காலை 8 முதல் மாலை 6 வரை வேலையில். மாத்திரை அட்டையில் மூன்று நாள் மாத்திரை அப்படியே இருக்கிறது. தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டாத தூரத்தில். மகளிடம் மாலை 7-க்கு மேல் பேச வேண்டும். மதியம் ஒரு முறை போய் வர ஆள் தேவை. நற்கருணை கேட்டார், ஃபாதரிடம் சொல்லவும்."

இந்தக் குறிப்பைப் படிக்கிறவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும். இந்த வீட்டுக்குப் பொதி தேவையில்லை. மதியம் ஒரு மணிக்கு, ஒருவர் வந்து, ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சந்திக்கும் வரிசை பற்றி ஷாத்தியோன் விதிமுறை ஒன்று சொல்கிறது. அதை அப்படியே பின்பற்றுங்கள்: கூட ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போங்கள், யாருமில்லாதவரிடம் கடைசியாகப் போங்கள். அடுத்த வீடு காத்திருக்கிறது என்ற அவசரமில்லாமல், தனியாக இருப்பவரோடு அதிக நேரம் இருக்கலாம் என்பதுதான் காரணம். முறைப்பட்டியல் போடும்போது பலரும் தூரத்தைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். இந்தக் கணக்கை வைத்து மாற்றிப் போடுங்கள்.

படம் எடுக்காதீர்கள். பொதி கொடுக்கும் படம், நோயாளியின் கையைப் பிடித்திருக்கும் படம், எதுவும் வாட்ஸாப்புக்குப் போகக் கூடாது. நன்கொடையாளர் சான்று கேட்டால் ரசீதும் கணக்கும் காட்டுங்கள். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6:3-இல் ஆண்டவர் சொன்னதற்கு இதைவிட நேரடியான பொருள் இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கதவு மூடிய அறையில் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். அடி, பட்டினி, தகாத தொடுதல் என்று ஒரு பிள்ளையோ பெண்ணோ சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காதீர்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றே நாட்டுச் சட்டம் சொல்லும் அதிகாரிகளிடமும் மறைமாவட்டப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமும் சேர்ப்பியுங்கள். குடும்பத்தோடு பேசிச் சமாதானம் செய்து வைக்கும் முயற்சி அந்தப் பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளும். புதிதாகச் சேரும் தொண்டர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதையும் இதே கண்ணோடு செய்யுங்கள்.

நோயாளரும் நற்கருணையும்

கைகளைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள், வெளியே வந்ததும் மறுபடி கழுவுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்று போகாதீர்கள், போனில் பேசுங்கள். கட்டிலில் உட்காராமல், நோயாளியின் கண் மட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். மருந்தை மாற்றச் சொல்வது, நாட்டு வைத்தியம் பரிந்துரைப்பது, தூக்கி நிறுத்துவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பயிற்சியில்லாமல் தூக்கினால் இருவரும் விழுவீர்கள்.

நற்கருணை கொண்டு போவதற்கு முறையாக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும் (சட்டம் 910, பிரிவு 2). நற்கருணைச் சிமிழை எடுத்ததும் நேராக நோயாளியிடம் போங்கள். வழியில் கடை, அரட்டை, இன்னொரு வேலை கிடையாது. மீதி இருந்தால் வீட்டுக்குக் கொண்டு போகாமல் கோவிலில் நற்கருணை வைக்கும் பேழைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். போகும் முன் போன் செய்து இரண்டு கேட்டு வையுங்கள்: விழித்திருக்கிறாரா, விழுங்க முடிகிறதா. விழுங்கச் சிரமம் என்றால் மிகச் சிறு துண்டாக, ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் நோன்பு முதியோருக்கும் நோயாளருக்கும் அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் கட்டாயமில்லை (சட்டம் 919, பிரிவு 3). இது தெரியாமல், "கஞ்சி குடிச்சிட்டேனே" என்று நற்கருணையை மறுக்கும் பாட்டிகள் உண்டு. எடுத்துச் சொல்லுங்கள். பராமரிக்கும் மருமகளுக்கும் மகளுக்கும் நற்கருணை வேண்டுமா என்று கேட்க மறக்காதீர்கள். அவர்களாலும் கோவிலுக்கு வர முடிந்திருக்காது.

நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளமான நோயில்பூசுதலைக் குருவால் மட்டுமே தர முடியும். அதற்குக் கடைசி மூச்சுவரை காத்திருக்கத் தேவையில்லை. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம். குடும்பம் தள்ளிப்போடுவது பெரும்பாலும் பயத்தால்தான். நோயாளி நினைவோடு இருக்கும்போதே அழைப்பது நல்லது என்று மென்மையாகச் சொல்லி, ஃபாதரின் எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.

உணவுப் பொதி: அளவும் காப்பும்

நிவாரண அமைப்புகள் பொதுவாக ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2100 கிலோகலோரி என்று வைத்துத் திட்டமிடுகின்றன. அதில் அடிப்படைப் பங்கு ஏறக்குறைய தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்குப் பெருக்கினால் தானியம் 11.2 கிலோ, பருப்பு 1.7 கிலோ, எண்ணெய் 700 கிராம், உப்பு 140 கிராம் வரும். மொத்தம் 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காய்கறி, பழம், பால் ஆகியவற்றுக்குத் தனியாக வழி செய்ய வேண்டும். ஓரளவு வருமானம் உள்ள வீட்டுக்குப் பாதிப் பொதி போதும். எந்தப் பொதியாக இருந்தாலும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 14 கிலோவை அறுபது வயதுப் பெண் சுமக்க முடியாது. ஏழேழு கிலோவாக இரண்டு பை.

பையில் ஒட்டும் சீட்டில் வீட்டு எண், ஆட்களின் எண்ணிக்கை, கட்டிய தேதி, பொருள்களில் முதலில் காலாவதியாவதன் தேதி, பிறகு "சர்க்கரை நோய்" அல்லது "பல் இல்லை" போன்ற ஒரு குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பை எழுதாததால்தான் சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு டப்பாவும், பல்லில்லாத முதியவருக்குக் கெட்டி பிஸ்கட்டும் போகின்றன. குழந்தைகளுக்கான புட்டிப்பால் மாவைப் பொதியில் போட்டு அனுப்பாதீர்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருப்பவர் அதனால் நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. மருத்துவரோ செவிலியரோ சொன்ன குழந்தைக்கு மட்டும், அவர் சொன்ன வகையையே வாங்கிக் கொடுங்கள்.

கிடங்கில் பொருளைத் தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். ஈரமும் எலியும் சுவரோரமாகத்தான் வரும். முதலில் காலாவதியாவது முன்வரிசையில், புதிதாக வருவது பின்னால். திறந்த பாக்கெட், தேதி தெரியாத டப்பா, உப்பிய டப்பா ஆகியவற்றை வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். கொடுத்தவர் மனம் நோகுமே என்று வைத்துக்கொண்டால் பெறுகிறவர் வயிறு நோகும்.

சமைத்த உணவு கொடுப்பதானால் கட்டுப்பாடு கூடும். சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலே, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த சமையலை யாருக்கும் கொடுக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் அப்படியே ஆற வைப்பதுதான் வழக்கமான தவறு. நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாக இருந்து கிருமி பெருகும். ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஆற்றுங்கள்.

துணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: துவைத்தது, கிழியாதது, பொத்தான் உள்ளது. நம் பிள்ளைக்கு உடுத்தத் தயங்கும் துணியை அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். திருத்தூதர் பணிகள் நூலில், யோப்பா ஊரில் ஏழைகளுக்கு உதவிவந்த தபித்தா என்ற பெண் இறந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவர் தங்களுக்கென்று செய்து கொடுத்த ஆடைகளை. உள்ளாடைகளை எப்போதும் புதிதாகவே வாங்குங்கள்.

ஆண்டின் ஏற்றமும் இறக்கமும்

நன்கொடை கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் குவியும், நடுவில் வற்றும். வந்ததை வந்த மாதமே கொடுத்துத் தீர்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த இரண்டு காலங்களில் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வறண்ட மாதங்களுக்கு ஒதுக்குங்கள். கெடாத பொருளையும் அப்படியே. இடையில் நினைவூட்ட நாள்கள் உண்டு. பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள், நவம்பரில் வரும் பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறு உலக வறியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் நிறுவிய இந்த இரண்டாவது நாள் 2017 நவம்பர் 19 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று உதவி பெறுகிறவர்களுக்குத் தனிப் பந்தி போடாதீர்கள். பங்கு மக்களோடு கலந்து ஒரே மேசையில் உட்காரட்டும்.

எங்கே உடையும்?

பெரும்பாலான குழுக்கள் வாயால் உடைகின்றன. ஒரு வீட்டில் கண்டது தெருக்கோடியில் பேசப்பட்டால், அடுத்த நாள் எந்த வீடும் திறக்காது. சேரும்போதே இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குங்கள். மீறினால் சந்திப்புப் பணியிலிருந்து விலக்கி, பொதி கட்டும் வேலைக்கு மாற்றுங்கள். நல்லவர்தான், வாய் மட்டும்தான் என்று மன்னித்து விட்டுவிடுவது ஏழைகளின் செலவில் நாம் காட்டும் தாராளம்.

அடுத்தது நிபந்தனை. "ஞாயிறு திருப்பலிக்கு வந்தால்தான் பொதி" என்று ஒருவர் சொல்லத் தொடங்குவார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் திருச்சபை முழுவதற்குமாக எழுதிய முதல் சுற்றுமடலின் 31-ஆம் எண்ணில் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. அன்பு இலவசமானது, வேறு நோக்கத்தை அடைய அதைக் கருவியாக்கக் கூடாது. கேட்டால் விசுவாசத்தைப் பற்றிப் பேசுங்கள், செபிக்கச் சொன்னால் செபியுங்கள். பொதியோடு அதைக் கட்டாதீர்கள்.

மூன்றாவது களைப்பு. வாரம் நான்கு வீட்டுக்குப் போகிற பெண் ஆறு மாதத்தில் எரிச்சலோடு பேசத் தொடங்குவார். அது குணக்கேடு இல்லை, சுமை கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். ஓர் இணைக்கு மாதம் மூன்று வீடு, ஆண்டுக்கு ஒரு மாதம் முழு ஓய்வு என்று எழுதி வையுங்கள். மரணம் நடந்த வீட்டுக்குப் போய் வந்தவர்களை அடுத்த கூட்டத்தில் முதலில் பேச விடுங்கள்.

உதவி பெறும் பெண்களையும் வேலையில் சேருங்கள். தைக்கத் தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர், வேறு மொழி பேசத் தெரிந்தவர் அங்கே இருப்பார்கள். ஆனால் அவர் வேலை செய்வதைப் பொதிக்குக் கூலியாக்கக் கூடாது.

பொறுப்பை ஒப்படைக்கும்போது

பதவிக்காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதியவர்களைத் தேர்ந்தெடுங்கள். கடைசி மாதம் பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்து வங்கி இருப்பையும் ஏட்டையும் ஒத்துப்பார்த்து, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று வந்து இன்னும் செலவாகாத தொகைகளைத் தனியே எழுத வேண்டும். கிடங்கை எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். வங்கியில் கையொப்பக்காரர்களை மாற்றுங்கள், கிடங்குப் பூட்டையும் மாற்றுங்கள். முகவரி ஏட்டைக் கைமாற்றும்போது, போனில் வைத்திருந்த படிகளைப் பழையவர்கள் அழித்துவிட வேண்டும்.

வீடுகளைத் தாளில் ஒப்படைத்தால் போதாது. தனியாக வாழ்கிறவர்கள் புது முகத்துக்குக் கதவு திறக்கத் தயங்குவார்கள், நாம் வருவதை நிறுத்திவிட்டோம் என்றும் நினைத்துக்கொள்வார்கள். பழையவரும் புதியவரும் சேர்ந்து மூன்று முறையாவது அந்த வீடுகளுக்குப் போய்வந்த பிறகே முறைப்பட்டியலில் பெயர் மாற வேண்டும்.